விதை நிதி: படிவத்தை நிரப்பும் முன்

எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். அவர்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், முதல் பட்டதாரி. ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண்களின் முதுகுவலியைப் பற்றி ஆய்வு முன்மொழிவு ஒன்றை மூன்று மாதம் கண் விழித்து எழுதினாள். விதை நிதி கிடைத்தது. முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர்; இவள் பெயர் ‘உதவி’ என்ற வரியில். பணம் செலவாகி முடியும் முன்பே இவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. யாரும் விதியை மீறவில்லை, விதியே அப்படித்தான் இருந்தது.

விதை நிதி என்பது வெளியே பெரிய தொகை கேட்டு எழுதப்போகும் முன்மொழிவைத் தயார் செய்யப் பல்கலைக்கழகம் தரும் சின்னத் தொகை. தேசிய விஞ்ஞான மன்றத்திடமோ வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்றிடமோ கேட்கும்போது ‘முன்னோடித் தரவு எங்கே?’ என்பார்கள், அதாவது பெரிய ஆய்வுக்கு முன் சிறிய அளவில் திரட்டிய தரவு. அதைத் திரட்டத்தான் இந்தப் பணம். இந்த நிதிக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெயர், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இன்னொரு பெயர் இருக்கலாம். பெயரைப் பார்க்காதீர்கள், அந்த வருடத்துச் சுற்றறிக்கையைப் பாருங்கள். போன வருடத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யார் கேட்கலாம் என்பதில்தான் முதல் குழி. ‘கல்விசார் ஊழியர்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் நிரந்தர நியமனம் உள்ளவரைத்தான் குறிக்கும். தற்காலிக விரிவுரையாளரும் போதனாசிரியரும் அதில் வரமாட்டார்கள். தகுதிகாண் விரிவுரையாளர் (நியமனம் இன்னும் உறுதியாகாதவர்) முதன்மை ஆய்வாளராக இருக்கலாமா, சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர் கூட இருக்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பட்டப்பின் படிப்புக்காக விடுமுறையில் போகப்போகிறவர் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் வந்த பிறகு விடுமுறை தொடங்கினால் கணக்கு முடங்கலாம். இதையெல்லாம் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்காதீர்கள். ‘பிரச்சினை இல்லை, போடுங்க’ என்று சொன்னவர் மூன்று மாதத்தில் இடம் மாறிப் போயிருப்பார். ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

தற்காலிகமாக வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. யோசனை உங்களுடையது என்றால், விண்ணப்பம் போகும் முன்பே இணை ஆய்வாளர் என்று உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். வெளி முன்மொழிவிலும், பின்னால் வரும் கட்டுரையிலும் பெயர் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். சேர் கோபித்துக்கொள்வாரோ என்று தோன்றும். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்தது காலம். காகிதம் துறைத் தலைவரிடம் போக வேண்டும், பிறகு பீடச் சபை, ஆய்வுக் குழு, சில சமயம் பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவையும். சபைகள் பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். நிகழ்ச்சி நிரல் மூடிய மறுநாள் கொடுத்தால் ஒரு மாதம் போச்சு. இப்படி இரண்டு இடத்தில் தவறினால் இரண்டு மாதம். ஆகவே வெளி நிறுவனத்தின் கடைசித் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பல்கலைக்கழகத்தின் அறிவித்தல் வரட்டும் என்று காத்திருந்தால், பணம் கைக்கு வரும்போது அந்தக் கடைசித் திகதி போயிருக்கும். இன்னொன்று, அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செப்டம்பரில் விடுவித்த பணத்தை மூன்று மாதத்தில் செலவழி என்பார்கள். மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று கணக்குப் பகுதியில் அன்றே கேளுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் கேட்டால் பதில் தெரிந்ததுதான்.

மனிதரிடம் தரவு திரட்டும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது ஒரு சுற்று விளையாட்டு. அனுமதிக் கடிதம் இல்லாமல் பணம் விடமாட்டோம் என்கிறது ஓர் அலுவலகம். முடிவான வினாக்கொத்து இல்லாமல் அனுமதி தரமாட்டோம் என்கிறது நெறிமுறைக் குழு. வினாக்கொத்தை முடிவாக்க நாலு பேரிடம் கேட்டுப் பார்க்கவே பணம் வேண்டியிருக்கிறது. இதிலிருந்து வெளிவர ஒரு வழி உண்டு. தரவு திரட்டாத வேலைகளை, அதாவது மொழிபெயர்ப்பு, புள்ளிவிபர ஆலோசனை, தோட்டத்துக்குப் போய் அனுமதி பேசிவருவது போன்றவற்றை, முதல் தவணையாகப் பிரித்துக் காட்டுங்கள். தகவல் தாளையும் சம்மதப் படிவத்தையும் மூன்று மொழியிலும் கேட்பது வழக்கம். தமிழ்ப் படிவத்தைத் தோட்டத்து ஆட்களுக்குப் புரிகிற தமிழில் எழுதுங்கள். அனுமதிக்கு முன் திரட்டிய தரவுக்குப் பின்தேதியிட்டு யாரும் அனுமதி தரமாட்டார்கள். அந்தத் தரவு வீண்.

மலையகத்தில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இன்னொரு கடிதமும் வேண்டும். 1992இல் பெரும்பாலான அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. ஆகவே துரை, அதாவது தோட்ட முகாமையாளர், ‘எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்று சொன்னால் மட்டும் போதாமல் போகலாம். கம்பனியின் தலைமை அலுவலகத்தின் கடிதம் கேட்பார்கள். அதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். துரை மாறினால் பழைய கடிதத்தைப் புதியவர் ஏற்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைச் செலவழிப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். மடிக்கணினி வாங்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். பல திட்டங்களில் உபகரணம் வாங்க அனுமதியே இல்லை. அனுமதி உள்ள இடத்திலும் மூன்று விலைமனு கேட்பார்கள். சிறு செலவுக்கு முற்பணம் எடுத்தால் அதைக் கணக்குக் காட்டித் தீர்க்கும்வரை அடுத்த முற்பணம் கிடையாது. சரி, எங்கே பற்றுச்சீட்டு வாங்குவது? கொழுந்து நிறுத்துவிட்டு வந்த இருபது பெண்களை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசுகிறீர்கள். தேத்தண்ணியும் பனிசும் தோட்டத்துக் கடையில்தான் வாங்க வேண்டும். அந்தக் கடைக்காரர் அச்சடித்த பில்லுக்கு எங்கே போவார்? மேலே லயம்வரை ஏற்றிப்போன முச்சக்கர வண்டிக்காரரும் அப்படித்தான். புத்தகக் கடையில் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். திகதி, தொகை, வாகன இலக்கம், பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் அந்த இடத்திலேயே எழுதி வாங்குங்கள். இப்படிப்பட்ட சீட்டை ஏற்பீர்களா என்று கணக்குப் பகுதியில் முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணம் உங்கள் சட்டைப் பையிலிருந்துதான் போகும்.

கடைசியில் நீங்கள் காட்ட வேண்டியது வெளியே முன்மொழிவு அனுப்பினீர்கள் என்பதை. பெரும்பாலும் அது தெரிவாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்காது, அனுப்பியிருந்தால் போதும். அனுப்பியதற்கான ஒப்புகை மின்னஞ்சலை அச்செடுத்துக் கோப்பில் போடுங்கள். அது இல்லாமல் இறுதி அறிக்கை முடியாது. அறிக்கை முடியாவிட்டால் அடுத்த தடவை உங்கள் பெயர் பட்டியலிலேயே வராமல் போகலாம்.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டுக் காரணம் சொல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். முதலில் ஆய்வுக் குழுவிடம் மதிப்பீட்டாளரின் குறிப்பைக் கேளுங்கள். ‘அப்படிக் கொடுப்பதில்லை’ என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்களும் அதற்குள் வருகின்றன. பல்கலைக்கழகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் பல்கலைக்கழகத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மதிப்பீட்டாளரின் பெயரைக் கேட்காதீர்கள், அதைக் காரணம் காட்டியே மொத்தத்தையும் மறுப்பார்கள். உங்கள் விண்ணப்பத்துக்குக் கிடைத்த புள்ளிகளையும் குறிப்புகளையும் மட்டும் கேளுங்கள். கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.