துவைத்த சேலைத்துண்டு ஏன் வேண்டாம்?

"என் இரண்டு வயது மகள் என் பழைய நூல் சேலையின் கிழிந்த துண்டு இல்லாமல் தூங்குவதில்லை. மாமியார் அதைத் துவைத்துப் போட்ட அன்று ராத்திரி முழுக்க அழுகை. அதே துணிதானே, என்ன வித்தியாசம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கேள்வியின் கடைசி வரியில்தான் சங்கதி இருக்கிறது. துவைத்ததில் என்ன போனது என்று பார்த்துவிட்டால், அந்தத் துண்டு எப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுவோம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பல குழந்தைகள் துண்டு, போர்வை, தலையணை உறை, பொம்மை என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றரை, இரண்டு வயதில் பிடி இறுகும். பள்ளிக்கூடம் போகிற வயதில் பெரும்பாலும் தானாகத் தளரும். பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1951இல் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தி, 1953இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர் வைத்த பெயர் 'இடைநிலைப் பொருள்'. அம்மாவும் தானும் வேறு வேறு ஆள் என்று குழந்தைக்கு உறைக்க ஆரம்பிக்கும் காலத்தில், நடுவில் கால் வைக்க ஒரு படி. நம் வாசகியின் மாமியாருக்கான பதிலும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது: அழுக்கேறி நாறினாலும் தாய்மார்கள் அதை விட்டுவைக்கிறார்கள், துவைத்தால் தொடர்ச்சி அறுந்து அதன் மதிப்பே போய்விடக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்கிறார் வின்னிகாட். மென்மைக்கு எவ்வளவு வலு என்பதை 1958இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ காட்டினார். பால் தரும் கம்பிப் பொம்மைத் தாயைவிட, பால் தராத துணிப் பொம்மைத் தாயையே குரங்குக் குட்டிகள் நாளின் பெரும்பகுதி கட்டிக்கொண்டு கிடந்தன. கொடுமையான சோதனை, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

இனி ராத்திரி. சின்னக் குழந்தையின் தூக்கச் சுற்று ஒன்று ஏறக்குறைய 50, 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் குழந்தை அரைகுறையாக விழிக்கும். பெரியவர்களும் விழிக்கிறோம், காலையில் ஞாபகம் இருக்காது. அந்த அரை விழிப்பில் குழந்தையின் மூளை ஒரு சின்னச் சரிபார்ப்பு செய்கிறது: தூங்கப்போனபோது இருந்தவை எல்லாம் இப்போதும் இருக்கின்றனவா? இருந்தால் அடுத்த சுற்றுக்குள் போய்விடும். மடியில் ஆட்டித் தூங்கவைத்த குழந்தை பாயில் கிடப்பதை உணர்ந்தால் முழுசாக முழித்துக் கத்தும். சேலைத்துண்டின் பெரிய தகுதி இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்கும் அது எழுந்து போகாது.

ஆனால் இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, "இது என் துண்டுதான்" என்று குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொஞ்சம் விரலால், மிச்சம் மூக்கால்.

இந்த மூக்கு விவகாரத்தை நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அவ்வளவு அழகானது. தோலிலிருந்து வரும் வியர்வைக்கும் எண்ணெய்ப் பசைக்கும் புதிதாக வரும்போது பெரிதாக வாசம் கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், குறிப்பாக அக்குளில் கொரினிபாக்டீரியம் வகையறா, அவற்றைச் சிறு சிறு அமிலங்களாக உடைக்கும்போதுதான் ஆளுக்கு ஆள் மாறுபடும் உடல் வாசம் பிறக்கிறது. அதன்மேல் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், முகத்து மஞ்சள், சமையலறைத் தாளிப்பு, சிந்திய தாய்ப்பால். எல்லாம் சேர்ந்து சேலையில் ஏறுகிறது.

ஏறுவதற்குப் பருத்தியைப் போல இடம் கொடுக்கும் துணி அரிது. நுண்ணோக்கியில் பருத்தி இழை முறுக்கிய நாடாபோலத் தெரியும், நடுவே ஒரு குழல். ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள், அதன் மூலக்கூறு நெடுகிலும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹைட்ராக்சில் கொக்கிகள். சாதாரணக் காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8.5 சதவீதம் நீரை வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். எனவே வியர்வை பருத்திக்கு உள்ளேயே போகிறது, எண்ணெய்ப் பசை இழை இடுக்குகளில் படிகிறது. ஏற்றி வைத்ததை அது கொஞ்சம் கொஞ்சமாக விடும். குழந்தையின் மூச்சுச் சூடு பட்டதும் வாசம் எளிதில் ஆவியாகிறது. எச்சிலின் ஈரம் அந்தக் கொக்கிகளுக்குப் போட்டி போட்டு, ஒட்டியிருந்த வாச மூலக்கூறுகளைத் தள்ளிவிடுகிறது. மூச்சுவிடும் குழந்தையின் முகமே அந்தத் துணிக்கு அடுப்பு.

இப்போது விரல் சூப்பும் குழந்தையைக் கவனியுங்கள். கட்டைவிரல் வாயில், மற்ற நான்கு விரல்களில் சேலைத்துண்டு. துணி வந்து நிற்கும் இடம் மேலுதட்டுக்கு மேல், மூக்குக்கு நேர் கீழே. வாயைக் கட்டைவிரல் அடைத்துவிட்டதால் மூச்சு மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். அதாவது ஒவ்வொரு மூச்சும் துணி வழியாகவே உள்ளே போகிறது. யாரும் சொல்லித்தராமல் ஒன்றரை வயதில் கண்டுபிடித்த கருவி!

உள்ளே போன மூலக்கூறுகளை, மூக்கினுள் வாசத்தைப் பிடிக்கும் சுமார் 400 வகை வாங்கிகள் வரவேற்கின்றன. இந்த வாங்கிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. கண், காது, தோல் அனுப்பும் செய்திகள் முதலில் மூளையில் தலாமஸ் என்ற நடுவாசலில் நின்று, பிறகே மேலே போகும். மூக்கின் செய்திக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அது முதலில் சேரும் நுகர்வுக் குமிழிலிருந்து, பயத்தையும் நிம்மதியையும் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி. அந்த இடத்தில் குழந்தை ஏற்கெனவே பாடம் படித்திருக்கிறது. பிறந்து ஒரு வாரத்துக்குள்ளேயே தன் தாயின் மார்பில் வைத்த பஞ்சின் பக்கம் குழந்தைகள் அதிகம் திரும்புவதை மெக்ஃபார்லேன் என்ற ஆய்வாளர் 1975இல் பதிவு செய்தார். தூளியில் கிடந்த மாதங்களில் அம்மா வாசம், பால், கதகதப்பு, தூக்கம் நான்கும் ஒன்றாகவே வந்தன. மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறிய பாவ்லோவ் நாயின் கதைதான். நான்கில் ஒன்று மட்டும் வந்தாலும் உடல் மற்றதற்குத் தயாராகிவிடும்.

ஒரு நுணுக்கம் உண்டு. ஆழ்ந்த தூக்கத்தில் மூக்கு ஏறக்குறைய வேலை செய்வதில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் கார்ஸ்கடனும் ஹெர்ஸும் 2004இல் பெரியவர்களிடம் சோதித்தபோது, ஆழ்தூக்கத்தில் இருந்தவர்கள் வாசனைகளுக்கு எழவேயில்லை. கண் செருகும் முதல் கட்டத்தில்தான் உணர்ந்தார்கள். குழந்தைக்கும் அப்படியே என்றால், சேலை வாசம் ராத்திரி முழுக்கத் தாலாட்டுவதில்லை. அந்தச் சில நிமிட அரை விழிப்புகளில் மட்டும் ஆளாக நிற்கிறது.

மாமியார் துவைத்தபோது நடந்தது இனி எளிது. சோப்பு எண்ணெய்ப் பசையைக் கழற்றியது, தண்ணீர் அமிலங்களைக் கொண்டுபோனது. துணி மென்மையாக்கும் திரவமும் ஊற்றியிருந்தால் சேதம் இரட்டிப்பு. நீரில் பருத்திப் பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. அந்தத் திரவத்தில் இருப்பது நேர் மின்னூட்டப் பொருள். அது இழைமேல் கொழுப்புப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், கூடவே வாசனைத் திரவியமும். மூக்குக்கு அந்நிய வாசம், விரலுக்கு வழுக்கும் அந்நியத் துணி. கஞ்சி போட்டாலும் இதே கதிதான்.

மூன்று வயதுக்கு மேல் விஷயம் மூக்கையும் தாண்டிப் போகிறது. உளவியலாளர்கள் புரூஸ் ஹுட், பால் புளூம் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனையில், பொருள்களை நகலெடுக்கும் இயந்திரம் என்று சொல்லி ஒரு பெட்டியைக் காட்டினார்கள். தாங்கள் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் பொருளைப் பெட்டிக்குள் வைக்கவே சில குழந்தைகள் மறுத்துவிட்டன. வைத்தவர்களில் பெரும்பாலோர் நகல் வேண்டாம், அசல்தான் வேண்டும் என்றார்கள். பாட்டியின் தாலியைப் புதுத் தாலியோடு மாற்றிக்கொள்ளச் சொன்னால் நாமும் அதையேதான் சொல்வோம்.

"பாசம் போதாத குழந்தைதான் துணியைப் பிடிக்கும்" என்ற பேச்சுக்கு நல்ல ஆதாரம் இல்லை. தூங்கும் ஏற்பாட்டுக்கும் இதற்கும்தான் தொடர்பு தெரிகிறது. இத்தாலியில் கடினி தம்பதியர் 1970இல் வெளியிட்ட ஆய்வில் கிராமக் குழந்தைகளில் 100க்குச் சுமார் 5 பேர், ரோம் நகரில் சுமார் 30 பேர் இப்படி ஒன்றைப் பிடித்திருந்தார்கள். கொரியாவில் அம்மா பக்கத்திலேயே தூங்கும் குழந்தைகளிடம் அமெரிக்கக் குழந்தைகளைவிடக் குறைவு என்று 1976இல் ஹாங், டவுன்ஸ் எழுதினார்கள். அப்படியானால் ஒரே பாயில் அம்மாவோடு படுக்கும் நம் பிள்ளைக்கு ஏன் சேலைத்துண்டு? அம்மா விடியற்காலையில் எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து, பிரிவுப் பயம் தலைதூக்கும் சமயத்தில் வேலைக்குப் போகிறாள். வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிக்கிறாள். இதில் எது எவ்வளவு என்று நம் வீடுகளிலேயே அளந்து பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத்து அங்கன்வாடிகள், ஒரு கேள்வித்தாள், இரண்டு வருடம் போதும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ராக்கெட்டுக்குத் தட்டும் கையில் ஒரு விரலை இதற்கும் நீட்டலாம்.

அழுக்குத் துணி பீடை என்று பிடுங்கி எரித்துவிட்டு, கழுத்தில் தாயத்துக் கயிறு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். துணி போனால் நாலு ராத்திரி அழுகை. தூங்கும் குழந்தையின் கழுத்தில் இருக்கும் கயிறு எதிலாவது மாட்டினால் மூச்சே போகும். இதில் எது பீடை?

துணியைக் கையாளும் முறைக்கு வருவோம். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தை பக்கத்தில் துணி, பொம்மை, தலையணை எதுவுமே கூடாது, மூச்சடைப்பு ஆபத்து. அதற்குப் பிறகு பலமுறை துவைத்து நைந்த நூல் சேலையில் ஒரு சாணுக்கு ஒரு சாண், அதிகம் போனால் ஒன்றரைச் சாண் சதுரமாக வெட்டுங்கள். முழுச் சேலை கழுத்தைச் சுற்றும். நான்கு ஓரமும் மடித்துத் தையுங்கள். தைக்காவிட்டால் பிரியும் நூல் விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். காலையில் விரல்களையும் கால்விரல்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பொம்மை என்றால் பொத்தான் கண், பாட்டுப் பாடும் பொத்தான் பேட்டரி இரண்டும் வேண்டாம். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

ஒரே சேலையில் ஒரே நாளில் இரண்டு துண்டு வெட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். பழகிய பிறகு இரண்டாவதை நுழைத்தால் குழந்தை ஏமாறாது. துவைக்க வாசமில்லாத சோப்பு மட்டும். கிருமிநாசினித் திரவம், நீலம், கஞ்சி எதுவும் வேண்டாம். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் அம்மா ஒரு ராத்திரி தன் தலையணைமேல் போட்டுப் படுத்துவிட்டு, மறுநாள் கொடுக்கலாம். வாந்தி, பேதி என்றால் வாசத்தைப் பார்க்க வேண்டாம், வெந்நீரில் போட்டுவிடுங்கள். சொறிசிரங்கு வந்திருந்தால் வெந்நீரில் துவைக்க வேண்டும், அல்லது பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி ஒரு வாரம் வைக்க வேண்டும். அந்த வாரத்துக்கும் சேர்த்துத்தான் இரண்டாவது துண்டு.