வெள்ள நிவாரணம்: வீட்டுக்காசு வேறு, தொழிலுக்கான உதவி வேறு

டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் அடித்துவிட்டுப் போன பிறகு, யாழ்ப்பாணத்தில் எங்கே போனாலும் "25,000 வந்திட்டுதா?" என்ற கதைதான். அது வீடு துப்புரவாக்கத் தருகிற காசு. முதலில் 10,000 என்று இருந்ததைப் பிறகு கூட்டினார்கள். வீட்டுச் சாமான் வாங்க 50,000, வீடு முழுதாய்ப் போனவர்களுக்குப் புது வீடு கட்ட 50 இலட்சம் வரை என்றும் அரசாங்கம் அறிவித்தது. இதெல்லாம் வீட்டுக்கு. வலை போனவருக்கும், வெங்காயம் அழுகினவருக்கும், தையல் மெஷினுக்குள் தண்ணீர் ஏறினவருக்கும் உழைப்பு திரும்பி வரவேண்டுமே, அதற்குப் பதிகிற இடம் வேறு. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) பெயர் கொடுத்தாச்சு, எல்லாம் அதிலேயே வரும் என்று இருந்துவிட்டால் வீட்டுக்காசோடு கதை முடிந்துவிடலாம்.

நெல் விதைத்தவர் போகவேண்டியது கமநல சேவை நிலையத்துக்கு. அழிந்த நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 150,000 ரூபா என்று அறிவித்தார்கள். கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் எங்கள் கணக்கு பரப்பில் அல்லவா? 16 பரப்பை ஒரு ஏக்கர் என்று எடுத்தால், இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய ஒரு ஹெக்டேயர், அப்படிப் பார்த்தால் பரப்புக்கு 3,800 ரூபா அளவில் வரும். பத்துப் பரப்பு செய்தவருக்கு 38,000. உழவுக்கூலி, விதைநெல், உரம் என்று போட்டதை நினைத்தால் இது நட்டத்தை மூடுகிற காசு இல்லை, திரும்பத் தொடங்க ஒரு கை கொடுக்கிற காசு, அவ்வளவுதான்.

குத்தகைக்குச் செய்தவர்கள்தான் இதில் கூடுதலாகக் கவனமாய் இருக்கவேண்டும். காணிக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார், காணி உறுதி அவர் பெயரில், வாய்ப்பேச்சிலேயே குத்தகை. அந்தக் காணியில் இந்தப் போகம் யார் விதைத்தார் என்பது கமநல நிலையத்துப் பதிவில் இல்லாவிட்டால் பிறகு இழுபறிதான். காணிக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், கமக்காரர் அமைப்பின் தலைவரிடமும் உறுதிப்படுத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அரசின் இலவசப் பயிர்க் காப்புறுதி என்று தொடங்கியது நெல், சோளம், சோயா, மிளகாய், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் ஆகிய ஆறுக்கும்தான். நாங்கள் செய்கிற சின்ன வெங்காயம் அந்த ஆறில் இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இது சரியான அநியாயம் என்பது என் எண்ணம்.

வலையோ படகோ போனவர்கள் கடற்றொழிலாளர் சங்கம் ஊடாகக் கடற்றொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். படகுப் பதிவு இலக்கம் கட்டாயம் கேட்பார்கள். மாடு, ஆடு, கோழி செத்திருந்தால் புதைக்க முதல் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் உறுதிப்படுத்தாத எண்ணிக்கை கணக்கில் வராது.

வீட்டில் இருந்து தைப்பவர்கள், மிளகாய்த்தூள் இடிப்பவர்கள், அப்பம் சுட்டு விற்பவர்கள் பாடு இதைவிடச் சிக்கல். பலரிடம் வியாபாரப் பதிவே இல்லை. பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம், பெரிய செலவும் இல்லை. அப்புறம், சேறு கழுவ முதல் படம் எடுங்கள்: மெஷின், அதன் இலக்கத் தகடு, சுவரில் தண்ணீர் நின்ற கோடு மூன்றும் ஒரே படத்தில் விழுந்தால் நல்லது.

முகாமுக்குப் போகாமல் அக்கா வீட்டிலோ மாமி வீட்டிலோ தங்கினவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான். வெள்ளம் வந்த வீடு எந்த விதானையார் பிரிவிலோ, அங்கேதான் பதியவேண்டும், தங்கியிருக்கும் இடத்தில் அல்ல.

காசு வரப் பிந்தும், உண்மை. அந்த இடைவெளியில்தான் கிழமைக்குக் கிழமை அறவிடுகிற கடன் கொடுப்பவர்கள் வாசலுக்கு வருவார்கள். கடன் எடுத்தே ஆகவேண்டுமென்றால் சமுர்த்தி வங்கியையோ ஊர்ச் சிக்கனக் கடன் சங்கத்தையோ முதலில் கேளுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லையா? பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்துத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும்.