ஆர்க்கைவ்ஸ் – ஆவணக்காப்பகம்

‘ஆர்க்கைவ்ஸ்’ கிரேக்க வேருடைய சொல். பழைய கிரேக்க நகரங்களில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவரை ஆர்க்கோன் என்றும், அவருடைய அலுவலகத்தை ஆர்க்கெயோன் என்றும் அழைத்தார்கள். அரசு ஏடுகள் அங்கே வைக்கப்பட்டமையால், இடத்தின் பெயர் நாளடைவில் ஏடுகளுக்கும் ஆகி, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. எனவே இச்சொல்லில் பழமையைவிட அதிகாரத்தின் சாயலே மிகுதி.

தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் ஆவணக்காப்பகம். இதன் முதற்பகுதியாகிய ‘ஆவணம்’ சங்க காலத்திலேயே வழங்கியது. பட்டினப்பாலையின் ‘விழவறா வியலாவணத்து’ என்னும் அடியில் அது கடைவீதியைக் குறிக்கிறது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் வரும் ‘ஆவண மாக்கள்’ அங்காடிக்காரர்கள் அல்லர். கயிற்றால் கட்டிய குடத்தின் மேலுள்ள பொறியை, அதாவது முத்திரையை, சரிபார்த்து, அதை உடைத்து உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘ஆவணக்களரி’ பத்திரம் பதியும் இடமாகும்.

சொல்லின் முழுப் பொருளும் துலங்குவது பெரியபுராணத்தில்தான். திருவெண்ணெய்நல்லூர் அவையில், சுந்தரரைச் சுட்டி ‘இவன் எனக்கு அடிமை’ என்று முறையிட்ட முதியவரிடம், ஆட்சி (வழிவழி வந்த நடைமுறை), ஆவணம், அயலார் காட்சி (பிறர் சாட்சி) ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டும்படி அவையோர் கேட்கிறார்கள். சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை என்று சொல்லி முதியவர், சுந்தரருடைய பாட்டனார் எழுதியதாக மூல ஓலையை எடுத்துக் காட்ட, அவையோர் அதை அப்படியே நம்பிவிடாமல், அந்தப் பாட்டனார் எழுதிக் காவலில் வைக்கப்பட்டிருந்த வேறோர் ஓலையை வருவித்து இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகிறார்கள். ‘அரண்தரு காப்பு’ என்று சேக்கிழார் குறிப்பது அந்தக் காவலைத்தான். ஆவணமும் காப்பும் ஒரே வழக்கில் இணைந்து நிற்கும் இவ்விடத்தைவிடப் பொருத்தமான சான்று இச்சொல்லுக்கு வேண்டியதில்லை.

ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஆவணக்காப்பகம் எதற்கு என்பதற்குக் கிண்டிப் பொறியியற் கல்லூரியே போதிய விடை. 1794இல் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களுடன் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, 1859இல் கட்டடப் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்து, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. பெயரும் இடமும் ஆளும் அமைப்பும் இத்தனை முறை மாறிய ஒரு நிறுவனத்தில், எந்தத் தாள் எந்த அலுவலகத்தில் எக்காலத்தில் உண்டானது என்னும் வரிசை குலையாமல் வைக்கப்பட்டால்தான் அது சான்றாகும். பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினால், நூலகத்துக்கு ஏற்ற அந்த முறையே இங்கே கேடாக முடியும்.

1943இல் அங்கே மின்பொறியியல் முடித்த அ. லலிதாவின் சான்றிதழை எண்ணிப் பார்க்கலாம். ஆண்பாலில் ‘ஹி’ என்று அச்சிட்டிருந்த சொல்லை அடித்து ‘ஷி’ என்று திருத்திக் கொடுத்தார்கள். பெண்கள் பொறியியல் படிக்க வந்தார்கள் என்பதை எந்த வரலாற்று நூலும் ஒரு வரியில் சொல்லிவிடும். அவர்களுக்கென ஒரு படிவம்கூட அச்சில் இல்லை என்பதைக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.

‘ரெக்கார்டு ரூம்’ என்பது வேறு. நடப்பு வேலைக்குத் தேவைப்படும் கோப்புகளை வைக்கும் அதனைப் பதிவறை எனலாம். அன்றாடப் பயன் தீர்ந்த பின்னும் சான்றுமதிப்புக் கருதி நிலையாகக் காக்கப்படுபவையே ஆவணக்காப்பகத்துக்கு உரியவை. 1909இல் ‘மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்’ என்ற பெயரில் எழும்பூரில் அமைந்த அரசு நிறுவனம் இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்றே வழங்குகிறது. சுருக்கம் கருதி வெறும் ‘காப்பகம்’ என்று பெயர்ப்பலகை எழுதினால், கைவிடப்பட்ட முதியோரைச் சேர்க்க வருபவர்களுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கும். சுருக்கம் வேண்டுவோர் ‘ஆவணகம்’ எனலாம். அதுவும் வழக்கில் இருக்கிறது.