நைட்ரைடிங்: நைட்ரஜன் ஊட்டல்

உலோகத்தை நைட்ரஜன் சூழலில் சூடாக்கி, அந்த அணுக்களை மேற்பரப்புக்குள் ஊடுருவ விடுவதுதான் நைட்ரைடிங். எஃகுக்காக வளர்ந்த முறை. 1920களில் ஜெர்மனியின் குருப் நிறுவனத்தில் அடால்ஃப் ஃப்ரை இதை மேம்படுத்தினார்.

செயற்கை மூட்டுக்கான டைட்டானியத்துக்கும் இதைச் செய்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. சரி, முதலில் டைட்டானியத்துக்கு இது எதற்கு? டைட்டானியம் உடலுக்குள் அரிக்காது, எலும்பும் அதோடு ஒட்டி வளரும். வலு போதாத குறையை 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்து பெருமளவு தீர்த்துவிட்டார்கள். தேய்மானம்தான் தீரவில்லை. உரசும் இடத்தில் அதன் மெல்லிய ஆக்சைடு படலம் கிழிந்து, உலோகம் பிய்ந்து கரிய துகளாக உதிரும். சுற்றியுள்ள சதையே கறுத்துப்போகும். அதனால்தான் இடுப்பு மூட்டில் தண்டு டைட்டானியமாக இருந்தாலும், உருளும் பந்தைக் கோபால்ட்-குரோமியத்திலோ செராமிக்கிலோ செய்கிறார்கள்.

நைட்ரஜன் புகுந்ததும் மேலே டைட்டானியம் நைட்ரைடு என்ற பொன்னிறப் படலம் உண்டாகும். விக்கர்ஸ் என்ற கடினத்தன்மை அளவீட்டில் கலப்புலோகம் சுமார் 350. இந்தப் படலமோ 2000 அளவில். (இயற்கையில் இதை முதலில் கண்டது 1852இல் நம் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி அருகே விழுந்த விண்கல்லில். அந்தக் கனிமத்துக்கு ஆஸ்பார்னைட் என்று பெயர்.) ஒரு சிக்கலும் உண்டு: சூடு அதிகமானால் உள்ளிருக்கும் படிகமணிகள் பருத்து, திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறன் குறையும். குறைந்த சூட்டில் பிளாஸ்மாவை (மின்னேற்றம் பெற்ற வாயுவை) கொண்டு செய்வது இதற்காகத்தான்.

‘நைட்ரஜன்’ என்ற சொல்லின் வேர் கிரேக்க ‘நைட்ரான்’. அதற்கும் முன்னே எகிப்தியர் பிணம் பதப்படுத்திய உப்பின் பெயர் அது. பின்னாளில் வெடியுப்புக்கு ஒட்டிக்கொண்டது. வெடியுப்பைப் பிறப்பிப்பது என்ற பொருளில் 1790இல் பிரெஞ்சுக்காரர் ஷாப்தால் ‘நைட்ரஜன்’ என்றார்.

தமிழில் என்ன சொல்லலாம்? வெடியுப்பை வைத்து ‘வெடியமூட்டல்’ என்று ஆக்கலாம்தான். ஆனால் வெடியமூட்டிய மூட்டு என்றால் அறுவைக்கு யார் படுப்பார்? ‘நைட்ரஜன் பூச்சு’ என்பது தவறு. பூச்சு வெளியே படிவது, எல்லை பிடித்து உரியக்கூடியது. இங்கே நைட்ரஜன் உள்ளே போகப் போகப் படிப்படியாகக் குறைகிறது. ‘ஏற்றம்’ என்றால் வேதியியலின் நைட்ரோ ஏற்றத்தோடு (மூலக்கூறில் நைட்ரோ தொகுதியைச் சேர்க்கும் வினையோடு) குழம்பும். ஆகவே நைட்ரஜன் ஊட்டல் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இலங்கை வழக்கில் நைதரசன் ஊட்டல்.