மொட்டை மாடியில் பிரம்மா கோழி வளர்ப்பவர்களுக்கு

நல்ல ஆரோக்கியமான கோழியின் உடல் சூடு ஏறக்குறைய 106 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் 41. நமக்கு அப்படி ஏறினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கோழிக்கு அது அன்றாட நிலை. கிளினிக் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் கத்திரி வெயில் தொடங்கினால் போதும், "ஜுரம் மாரி இருக்கு டாக்டர், வெச்சுப் பார்த்தா 106 காட்டுது, மாத்திரை குடுத்தேன், கேக்கல" என்று பிரம்மாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

போன வாரம் வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த சேவலுக்குப் பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். மஞ்சள் நிற பிரம்மா, ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். காலை பத்து மணியிலிருந்து வாய் பிளந்து மூச்சு வாங்கியிருக்கிறது. வீட்டில் குழந்தைக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரால் பார்த்திருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கி, பாதியை நுணுக்கிக் கொடுத்திருக்கிறார். மதியம் இன்னொரு பாதி. மூன்று மணிக்குச் சேவல் சரிந்ததும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, வண்டியில் முன்னால் இருத்திக்கொண்டு வந்தார். நான் பெட்டியைத் திறக்கும்போது உயிர் போயிருந்தது.

அந்தத் தம்பி அலட்சியமாக இருந்தவர் இல்லை. ஐந்து மணி நேரம் சேவலின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஐந்து மணி நேரமும் அது தகரக் கூரைக்குக் கீழேயே இருந்தது. கீழ் வீட்டுக்கு இறக்கி, காலைத் தண்ணீரில் நனைத்து, ஃபேனைப் போட்டிருந்தால் அநேகமாகப் பிழைத்திருக்கும். ஜுரம் என்று முடிவு செய்ததால் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஜுரம் என்பது உடல் தானே தன் சூட்டை உயர்த்திக்கொள்வது. கிருமியோடு போராடுவதற்காக மூளை அளவைக் கூட்டி வைக்கிறது. மாத்திரை அந்த அளவைக் கீழே இறக்குகிறது, உடம்பும் தணிகிறது. வெயில் தாக்கிய கோழியின் மூளை எந்த அளவையும் கூட்டி வைக்கவில்லை. சூட்டை இறக்கத்தான் அது படாதபாடு படுகிறது, வெளியே போக வழியில்லாமல் சூடு உள்ளேயே சேர்கிறது. ஜுர மாத்திரை அங்கே எதைத் தணிக்கும்? ஒரு மாத்திரையை நான்காக்கினாலும், சிரப்பாகக் கொடுத்தாலும் இதே கதைதான். 41 இருக்க வேண்டிய உடம்பு இன்னும் நான்கைந்து டிகிரி ஏறிவிட்டால் உயிர் தங்காது. மாத்திரை "வேலை செய்யட்டும்" என்று நீங்கள் காத்திருக்கும் நேரத்தில்தான் அந்த நான்கைந்து டிகிரி ஏறுகிறது.

தெர்மாமீட்டரைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மனிதர்களுக்காகச் செய்த அந்தக் கருவியின் அளவுகோல் கோழியின் இயல்பான சூட்டுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். கண்ணால் பார்த்தாலே தெரியும். நோய் கண்ட கோழி பெரும்பாலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடிக் குன்றி நிற்கும். வெயில் தாக்கிய கோழி இறகை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு, இறக்கைகளை மட்டும் உடலிலிருந்து விலக்கித் தொங்கவிடும். அலகு திறந்தபடி இருக்கும், தொண்டை படபடவென்று துடிக்கும். கொண்டை கருநீலமாக மாறி, நடை தள்ளாடினால் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது.

மாத்திரைப் பேச்சை முடிக்கும் முன் இன்னொன்று. ஜுரத்துக்கும் வலிக்கும் சேர்த்து விற்கும் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் டைக்ளோஃபினாக் இருக்கும். அது பறவையின் சிறுநீரகத்தைச் சிதைத்துவிடும். நம் நாட்டில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்கு இந்த மருந்துதான் காரணம். மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகும் செத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு இதைப் பயன்படுத்துவதை மத்திய அரசு தடை செய்தது. செத்த மாட்டின் இறைச்சியில் மிச்சமிருந்த அளவே கழுகைக் கொன்றது என்றால், மாத்திரையாகவே கொடுப்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, இத்தனை பாடும் பிரம்மாவுக்கு ஏன்? பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி அதே வெயிலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறதே? என்னிடம் வருகிறவர்கள் கேட்பது இதுதான். கூடவே, "இவ்ளோ பெரிய கோழி, தாங்காதா?" என்பார்கள். பெரிதாக இருப்பதால்தான் தாங்கவில்லை. உடல் பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற அளவு மேற்பரப்பு கிடைக்காது. சூடு உண்டாகும் சதை அதிகம், சூடு வெளியேறும் தோல் குறைவு. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. கொண்டை, தாடி, இறகில்லாத கால் ஆகிய மூன்று இடங்களில்தான் சூட்டை நேரடியாகக் காற்றில் விடும், மீதியை மூச்சு வாங்கித்தான் தள்ள வேண்டும். பிரம்மாவுக்குக் கொண்டை பட்டாணிக் கொண்டை, தலையோடு ஒட்டியிருக்கும். தாடி சின்னது. கால் விரல் வரை இறகு. உடம்பிலோ மெத்தென்ற அடர்ந்த இறகு. சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பது போலத்தான் அது நம் மாடியில் நிற்கிறது.

இந்த இனம் 1800-களின் நடுவில், சீனாவின் ஷாங்காய் துறைமுகத்திலிருந்து கப்பலில் போன பெரிய கோழிகளைக் கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. 1852-இல் அங்கிருந்து ஒன்பது கோழிகள் விக்டோரியா மகாராணிக்குப் பரிசாக இங்கிலாந்துக்குப் போயின. ஏறக்குறைய 1930 வரை அமெரிக்காவில் இறைச்சிக்கென்று வளர்த்த முதன்மையான இனம் இதுதான். பனிக்காலத்திலும் முட்டை இடும் என்பதற்காகவே அங்கே இதைக் கொண்டாடினார்கள். சேவல் ஐந்தரை கிலோ, பெட்டை நான்கு கிலோவுக்கு மேல் என்பது அவர்களின் தர அளவு. 2017-இல் கொசோவோவிலிருந்து ஒரு வீடியோ பரவியதே, கூண்டுக் கதவுக்குள்ளிருந்து குழந்தை உயரத்துக்கு ஒரு சேவல் எழுந்து வருமே, அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் தேட ஆரம்பித்தார்கள். அந்தச் சேவல் நின்ற ஊரின் குளிரை யாரும் யோசிப்பதில்லை.

வட சென்னையில் இதை வாங்குகிறவர்களில் நிறைய பேர் புறா வளர்ப்பவர்கள். பறவையைப் பற்றி அவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு புறாவின் இறக்கையை விரித்துப் பார்த்தே அதன் வயதையும் உடல் நிலையையும் சொல்லிவிடும் பெரியவர்கள் பெரம்பூரிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கிறார்கள். ஆனால் புறாவுக்குக் கட்டிய கூண்டை பிரம்மாவுக்குக் கொடுக்கிறார்கள், அங்கேதான் சறுக்குகிறது. புறா வெயிலுக்குப் பழகியது, பறந்து காற்று வாங்கிக்கொள்ளும். பிரம்மா தரையில் உட்கார்ந்திருக்கும். மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு ஒன்பது, பத்து மணி வரை கக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்று வருகிறதே என்று நம்பாதீர்கள். காற்று தாமதமாகும் நாட்களில்தான் நகரம் 40-ஐத் தாண்டுகிறது. காற்று வந்த பிறகோ புழுக்கம், ஈரக் காற்றில் மூச்சு வாங்கினாலும் சூடு சரியாக இறங்காது.

மாடியை விட்டால் வேறு இடமில்லை என்றால் கூரையை மாற்றுங்கள். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ இருந்தால் மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். பக்கவாட்டில் பலகை அடைத்திருந்தால் பிரித்துவிட்டு வலை போடுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை, பகலில் மாடிப்படிக்கு அடியிலோ வீட்டு நடையிலோ கட்டி வைக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. தீனி காலை வெயில் ஏறும் முன்பு, அப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். நடுவில் கொடுக்காதீர்கள், தீனி செரிக்கும்போதே உடம்பில் சூடு கூடும். தண்ணீர் நிழலில், மண் சட்டியில், இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். மாடி டேங்க் குழாயிலிருந்து மதியம் பிடித்த தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்க்காமல் வைக்காதீர்கள், கொதிக்கும். எடை ஏற்றுகிறேன் என்று பிராய்லர் தீவனத்தை வாரிக் கொட்டுவதை நிறுத்துங்கள். கொழுத்த பிரம்மாதான் முதலில் விழுகிறது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? நிழலுக்கு, முடிந்தால் வீட்டுக்குள் தூக்குங்கள். அகலமான டப்பில் சாதாரண குளிர்ச்சியில் உள்ள தண்ணீரை ஊற்றி, முட்டி வரை காலை நிறுத்துங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். இறக்கைக்கு அடியில் நனைத்துவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். உடம்பு முழுவதும் குடம் குடமாக ஊற்றிவிட்டுக் காற்றில்லாமல் விட்டால், நனைந்த இறகே சூட்டை அடைத்து வைக்கும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள், தானாக விழுங்கட்டும். தொண்டைக்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். எழுந்து நின்ற பிறகு டாக்டரிடம் கிளம்புங்கள், மூடிய பெட்டியில் கொண்டு போகாதீர்கள். கம்பிக் கூண்டு, ஈரத்துணி, ஆட்டோவின் நிழல் பக்கம்.

பிழைத்த கோழியின் காலை அன்று இரவுக்குள் நன்றாக உலர்த்திவிடுங்கள். கால் இறகு ஈரமாகவே இருந்தால் அடுத்த வம்பு அங்கே ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, தேங்கிய தண்ணீரில் நாள் கணக்கில் நின்ற கோழிகள் பாதம் வெந்து போய் வந்தன. பாதத்தின் அடியில் கறுப்பாகப் பொருக்குத் தட்டி வீங்கினால் அது ஆணி என்று பிளேடால் அறுக்காதீர்கள். உள்ளே சீழ், அது எலும்பு வரை போகும். கனத்த உடம்போடு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் குதிப்பதுதான் பெரும்பாலும் காரணம். அது உட்காரும் பலகை ஓர் அடிக்கு மேல் உயரம் வேண்டாம். காலில் செதில் தூக்கிக்கொண்டு வந்தால் அது பேன் போன்ற ஒரு சிற்றுயிர், இறகுக்குள் மறைந்திருப்பதால் பிரம்மாவில் தாமதமாகத்தான் தெரியும். அதற்கு மெக்கானிக் ஷெட்டிலிருந்து வேஸ்ட் ஆயில் வாங்கிப் பூசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அலகால் கோதும்போது அந்த எண்ணெய் முழுக்க வயிற்றுக்குள் போகிறது.

வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய்க்கான தடுப்பு மருந்தை மற்ற கோழிகளுக்குப் போலவே இதற்கும் போட வேண்டும். குஞ்சாக வாங்கினால் முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. எட்டு மாதமாகியும் முட்டை இடவில்லையே என்று புலம்பாதீர்கள். இது மெதுவாக வளரும் இனம். முட்டைக்கோழித் தீவனத்தை முன்கூட்டியே கொடுத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சின்னக் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய, பழைய இனம் ஒன்று வீட்டில் நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் நம்மிடமே பெருவிடை இருக்கிறது. இறகில்லாத நீண்ட கால், உடம்போடு ஒட்டிய குட்டை இறகு. இந்த வெயிலுக்கென்றே அமைந்த உடம்பு. சண்டைக்கு விடாமல், வளர்ப்பதற்காகவே வளர்த்துப் பாருங்கள். இல்லை, பிரம்மாதான் வேண்டும் என்றால் புரட்டாசி கழியட்டும், அதற்கு முன்பு கூரையைச் சரி செய்யுங்கள். ஒற்றைக் கொண்டையோடு விற்கும் குஞ்சு கலப்பு, அதையும் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கோழி இறந்துவிட்டால் கால்வாயில் எறியாதீர்கள். வெயில்தான் காரணம் என்று நீங்களாகவே முடிவு செய்யவும் வேண்டாம், வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் மீதிக் கோழிகளும் பக்கத்து மாடிப் புறாக்களும் ஆபத்தில் இருக்கின்றன. இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, சுற்றி ஐஸ் வைத்து, அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய்ப் பிரேதப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விடாதீர்கள், உறைந்த உடலில் திசுக்கள் கெட்டுவிடும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்றக் கூண்டுகளுக்குப் போங்கள்.