பதுங்குகுழிக்குள் போன நம்பிக்கை எப்படித் திரும்புகிறது?

ஷெல் வீச்சு தொடங்கிவிட்டால் பதுங்குகுழிக்குள் இருக்கும் சிப்பாய்க்குச் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. திருப்பிச் சுட முடியாது. சுடுகிறவன் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். ஓடவும் முடியாது, தலையை வெளியே நீட்டினால் இரும்புச் சிதறல் பாயும். முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, தலைக்கவசத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி, அடுத்தது எங்கே விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கலாம். அவ்வளவுதான். அந்த நேரத்தில் உதடு தானாக எதையோ முணுமுணுக்கத் தொடங்குகிறது. சின்ன வயதில் மனப்பாடமாகிப்போன ஒரு பிரார்த்தனையாக இருக்கலாம். வெறுமனே 'காப்பாத்து, காப்பாத்து' என்பதாகவும் இருக்கலாம்.

'பதுங்குகுழியில் நாத்திகன் கிடையாது' என்ற வாசகம் இரண்டாம் உலகப் போரின்போது பரவியது. கேட்டதும் தலையாட்டத் தோன்றும். ஆனால் அது ஒரு கணத்தைப் பற்றிய வாசகம். அந்தக் குழியிலிருந்து எழுந்து வந்த மனிதன் பத்து வருடம் கழித்து எதை நம்புகிறான் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் போரையும் மதத்தையும் பற்றிய பேச்சு பெரும்பாலும் தடம் மாறிப் போகிறது.

முதலில் அந்தக் கணத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சாமுவேல் ஸ்டவுஃபர் என்ற சமூகவியலாளரின் குழு, அமெரிக்கப் படைவீரர்களிடம் மிகப் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது. அதன் முடிவுகள் 1949-ல் வெளிவந்தன. நிலைமை மோசமாகும்போது உங்களைத் தாங்கிப் பிடித்தது எது என்று காலாட்படையினரிடம் கேட்டார்கள். எதிரி மீதான வெறுப்போ, எதற்காகப் போரிடுகிறோம் என்ற கொள்கையோ முன்னால் வரவில்லை. சாதாரணச் சிப்பாய்கள் அதிகமாகச் சொன்ன பதில் பிரார்த்தனை. அதிலும், அதிகம் பயந்தவர்களே பிரார்த்தனை அதிகம் உதவியதாகச் சொன்னார்கள். அதிகாரிகளோ சிப்பாய்களைவிடக் குறைவாகவே பிரார்த்தனையைக் குறிப்பிட்டார்கள். கூட இருப்பவர்களைக் கைவிடக் கூடாது என்ற எண்ணத்துக்குத்தான் அவர்கள் முதலிடம் தந்தார்கள்.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிகாரிக்கும் உயிர்ப்பயம் உண்டு. ஆனால் அவர் கையில் வரைபடம் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது, யாரை எங்கே அனுப்புவது என்ற வேலை இருக்கிறது. சிப்பாய்க்குக் காத்துக் கிடப்பதே வேலை. பிரார்த்தனையைத் தூண்டுவது ஆபத்து மட்டும் அல்ல, ஆபத்துக்கு நடுவே கையைக் கட்டிப்போட்டது போன்ற அந்த நிலையும்தான் என்று நினைக்கிறேன்.

போர்முனைக்கு வெளியேயும் இதே பாங்கு தெரிகிறது. முதல் உலகப் போர் நடந்த அதே ஆண்டுகளில், பசிபிக்கின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தார் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி. அங்கே கரையோரக் காயலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் தங்கள் அனுபவத்தை மட்டுமே நம்பிப் போனார்கள். திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரமும் சடங்கும் வந்தன. 1991 வளைகுடாப் போரில் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்த பகுதிகளில் வசித்த இஸ்ரேலியர்களிடம், பாதிக்கப்படாத ஊர்க்காரர்களைவிட மாய நம்பிக்கைகள் அதிகம் இருந்ததை ஜியோரா கைனன் கண்டார். நிச்சயமின்மையைத் தாங்க முடியாத சுபாவம் உள்ளவர்களிடம் அது இன்னும் கூடுதல்.

சரி, முணுமுணுப்பதால் பலன் உண்டா? ஷெல்லின் பாதை மாறப்போவதில்லை. ஆனால் மனம் மாறுகிறது. 2006 லெபனான் போரின்போது வட இஸ்ரேலில் ராக்கெட்டுகளுக்கு நடுவே இருந்த பக்தியுள்ள பெண்களை ரிச்சர்ட் சோசிஸும் பென் ஹேண்ட்வெர்க்கரும் ஆராய்ந்தார்கள். பைபிளில் உள்ள சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களை ஓதியவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. ஊரைவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்ட பெண்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. அவர்களுடைய கவலைகள் செலவு, தங்குமிடம், அன்றாட ஒழுங்கு கெட்டுப்போனது என்ற வகையைச் சேர்ந்தவை. ஓதினால் அல்ல, ஏதாவது செய்தால்தான் தீரும் கவலைகள் அவை.

அப்படியானால் நம்பிக்கையே இல்லாதவர் அந்தக் குழியில் என்ன ஆகிறார்? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜோனத்தன் ஜாங்கும் ஜேமின் ஹால்பர்ஸ்டாட்டும் அவர்களுடைய சகாவும் 2012-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களைத் தங்கள் மரணத்தைப் பற்றி எழுதவைத்துவிட்டு, கடவுள், சொர்க்கம் போன்றவை உண்மையா என்று கேட்டார்கள். நம்புகிறவர்கள் இன்னும் உறுதியாக 'ஆம்' என்றார்கள். நம்பாதவர்கள் இன்னும் உறுதியாக 'இல்லை' என்றார்கள். அதாவது சாவின் நிழலில் அவரவர் அவரவருடைய கொடியை இறுக்கிப் பிடிக்கிறார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில், பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்தார்கள். அங்கேதான் ஒரு திருப்பம். மரணத்தை நினைவூட்டப்பட்டபின், நம்பாதவர்களும்கூட 'இல்லை' என்ற பட்டனை அழுத்தச் சற்றுத் தாமதித்தார்கள். மனமாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. மேல்மனம் ஒன்று சொல்ல, அடிமனம் ஒரு நொடியின் சிறு பகுதி தயங்குகிறது. ஆய்வுக்கூடத்து மரண நினைப்பும் ஷெல் வீச்சும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது.

முதல் உலகப் போரில் எதிரெதிர் பக்கங்களில் இருந்த இருவரை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கதையின் சிக்கல் புரியும். தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் ஆஸ்திரிய ராணுவத்தில் தானாகவே போய்ச் சேர்ந்தவர். டால்ஸ்டாய் எழுதிய, பைபிள் நற்செய்திகளின் சுருக்கம் 1914-ல் அவர் கைக்குக் கிடைத்தது. எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டே போனதால், கூட இருந்த சிப்பாய்கள் 'அந்த நற்செய்திக்காரர்' என்றே அவரைக் குறிப்பிட்டார்கள். 1916-ல், எதிரிக் குண்டுகளுக்கு நேராக இருக்கும் கண்காணிப்பு நிலையில் நிற்க அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சாவுக்குப் பக்கத்தில் போனால் ஒருவேளை வாழ்வின் ஒளி கிட்டும் என்ற பொருளில் தன் நாட்குறிப்பில் எழுதினார்.

எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் தன் 19-ஆவது பிறந்தநாளன்று பிரான்ஸின் போர்முனைக்கு வந்து சேர்ந்தார், நாத்திகராக. 1918 ஏப்ரலில் அருகே விழுந்த ஷெல் பக்கத்தில் இருந்த சார்ஜண்டைக் கொன்றது. லூயிஸின் உடம்பில் இரும்புத் துண்டுகள் பாய்ந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நன்றி சொல்லிக் கும்பிட்டிருப்பார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர் நாத்திகராகவே திரும்பினார். 1919-ல் வெளிவந்த அவருடைய கவிதைகளில் கடவுள் மீது கோபம் கொப்பளிக்கிறது. கடவுள் இல்லை என்று நம்பியதாகவும், இல்லாமல் போனதற்காக அந்தக் கடவுள் மீதே கோபப்பட்டதாகவும் பின்னாளில் அவரே சொன்னார். அவர் கிறிஸ்தவரானது 1931-ல். குண்டுச் சத்தமே இல்லாத காலத்தில், நண்பர்களோடு பல வருடம் பேசிப் பேசி.

மறுபடி ஸ்டவுஃபரின் ஆய்வுக்கு வருவோம். போரைப் பார்த்துத் திரும்பியவர்களிடம் ராணுவ அனுபவம் உங்களை மதப்பற்று உள்ளவராக்கியதா, குறைத்ததா என்று கேட்டபோது, இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்தது. ஆனால் கடவுள் நம்பிக்கை என்று தனியாகக் கேட்டபோது கூடியது என்றவர்களே மிக அதிகம். கடவுளோடு நெருக்கம் கூடிய அதே நேரத்தில், மத அமைப்போடு இருந்த பிடிப்பு பலருக்குத் தளர்ந்திருக்கலாம். சண்டையில் அகப்பட்ட பொதுமக்களிடம் இதற்கு நேர்மாறான போக்கும் உண்டு. சியரா லியோன், உகாண்டா, தஜிகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் ஜோசப் ஹென்ரிக்கும் சகாக்களும் செய்த ஆய்வில், போரால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் வருடங்கள் கழிந்த பிறகும் மதக் குழுக்களில் அதிகம் பங்கெடுத்தார்கள்.

சிப்பாய் பொதுமக்களிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. அவருக்குப் போர் என்பது தனக்கு நேர்ந்தது மட்டும் அல்ல, தன் கையால் செய்ததும்கூட. ஆலன் ஃபோன்டானாவும் ராபர்ட் ரோசன்ஹெக்கும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. போருக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 1,385 முன்னாள் அமெரிக்க வீரர்கள் அதில் இடம்பெற்றார்கள். நம்பிக்கை பலவீனமானதோடு தொடர்புபட்டவை முக்கியமாக இரண்டு: ஒருவரைக் கொன்றது, ஒருவரைச் சாகாமல் காக்கத் தவறியது. இவை நேரடியாகவும், குற்ற உணர்வின் வழியாகவும் நம்பிக்கையை அரித்தன. அந்த வீரர்கள் மறுபடி மறுபடி சிகிச்சை தேடி வந்ததற்கும் நோயின் அறிகுறிகளைவிடக் குற்ற உணர்வும் தளர்ந்த நம்பிக்கையுமே வலுவான காரணங்களாகத் தெரிந்தன.

குழிக்குள் கிடப்பவன் கேட்பது 'என்னைக் காப்பாற்றுவாயா?' என்று. அதற்கு 'ஆம்' என்ற பதிலோடு வெளியே வருகிறவன் உயிரோடு இருக்கிறான், நன்றியோடும் இருக்கிறான். கொன்றவன் கேட்பது வேறு: 'இதைச் செய்த என்னை நீ ஏற்பாயா? செய்யவிட்ட உன்னை நான் ஏற்பதா?' உயிர் பிழைத்ததை இதற்குப் பதிலாகக் காட்ட முடியாது. பக்தியோடு வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி இன்னும் ஆழமாகக் கீறலாம். கொல்லாதே என்ற கட்டளையை நெஞ்சில் பதித்தபின் துப்பாக்கியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். உளவியலாளர்கள் இதற்கு அறக்காயம் என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1990-களில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனத்தன் ஷே அதைப் பற்றி எழுதினார். பயத்தால் வரும் காயத்துக்கு 'இப்போது ஆபத்து இல்லை' என்று உடம்புக்குப் புரியவைப்பது மருந்து. இங்கே அது வேலை செய்யாது. அந்த வீரருக்குத் தான் பத்திரமாக இருப்பது தெரியும்; அந்தப் பத்திரமே அவரைக் குத்துகிறது.

இதற்காக பிரெட் லிட்ஸும் குழுவினரும் உருவாக்கிய சிகிச்சையில் ஒரு கட்டம் உண்டு. வீரர் கண்ணை மூடிக்கொண்டு, தன் வாழ்க்கையில் தான் மிகவும் மதிக்கும், தன்னை மன்னிக்கக்கூடிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார். நடந்ததை ஒளிக்காமல் அவரிடம் சொல்கிறார். அப்புறம் அந்த நபர் என்ன பதில் சொல்வார் என்பதையும் வீரரே தன் வாயால் சொல்ல வேண்டும். எதிரே யாரை உட்கார வைப்பது என்பது வீரரின் விருப்பம். மதகுருவாக இருக்கலாம், கடவுளாகவே இருக்கலாம், பழைய பயிற்சியாளராகவோ பாட்டியாகவோ இருக்கலாம்.