பாலிகுளோனல் ஆன்டிபாடி: பல்கொடிவழி எதிர்ப்பொருள்

அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ உயிரியல் பயிலும் மாணவர் ஆய்வகக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் குப்பியில் 'ராபிட் பாலிகுளோனல் ஆன்டி ஹியூமன் பி53' என்றிருந்தால், மனிதரின் பி53 புரதத்தைக் கண்டறிய முயலின் குருதியிலிருந்து பிரித்த எதிர்ப்பொருள் அது, அதாவது அயற்பொருளைப் பற்றிக்கொள்ள உடல் சுரக்கும் புரதம். டிஎன்ஏவில் பொருந்தி, குறிப்பிட்ட மரபணுக்களின் படியெடுத்தலை (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ ஆவதை) முடுக்கும் காரணி பி53. பெயரிலுள்ள 53, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் கூழ்மத் (ஜெல்) தகட்டில் அது வந்து நிற்கும் இடத்தின் எடை, கிலோடால்டன் என்னும் மூலக்கூற்று எடையலகில்.

ஆன்டிபாடிக்குப் பாடநூல்கள் தரும் 'எதிர்ப்பொருள்' போதும். பாலிகுளோனல்தான் இடறுகிறது. 'பாலி' பல, 'குளோன்' கிரேக்கத்தில் இளங்கிளை. விதையின்றி ஒரே செடியிலிருந்து பெருக்கியவற்றுக்கு 1903இல் தாவர அறிவியலர் ஹெர்பர்ட் வெப்பர் இப்பெயரை இட்டார். திசையன்விளைப் பக்கம் போத்து வெட்டி நட்டு வளர்த்த முருங்கையெல்லாம் இக்கணக்கில் குளோன்தான். பின்னர் அது ஓர் உயிரணுவின் வழிவந்த கூட்டத்தையும் குறித்தது.

முயலுக்கு அப்புரதத்தையோ அதன் துண்டையோ சில வார இடைவெளிகளில் ஊசியால் செலுத்தும்போது, எதிர்ப்பொருள் ஆக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் பல தூண்டப்பட்டு, ஒவ்வொன்றும் தன் வழியைப் பெருக்கி, புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. காதுச் சிரையில் எடுத்த குருதி உறைந்தபின் தெளியும் சீரத்தில் அவை அனைத்தும் கலந்தே இருக்கும். ஓரிடம் மறைந்தாலும் மற்ற இடங்களில் பற்றும் என்பது இதன் வலிமை. அடுத்த முயலின் கலவை வேறாக இருக்கும் என்பதால், ஆய்வேட்டில் குப்பியின் தொகுதி எண்ணையும் குறிக்காமல் விடலாகாது. ஒரே வழியில் வந்த எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் முறையை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர், அதுவே மோனோகுளோனல்.

தமிழில் 'பல்படி' என்றால் பாலிமரோடு குழம்பும். படியெடுத்தலும் உடனிருக்கையில் குழப்பம் இரட்டிக்கும். 'பன்னகல்' ஒன்றன் பல நகல்கள் என்று பட்டு, கருத்தையே கவிழ்த்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரங்களில் நம்மவர் எழுதும் 'கொடிவழி' ஒரு முதலிலிருந்து இறங்கிவரும் வழியைச் சரியாகச் சுட்டுவதோடு, கிளை என்னும் மூலப் பொருளுக்கும் அண்மையில் நிற்கிறது. ஆகவே பல்கொடிவழி, ஒருகொடிவழி என்பவையே என் தேர்வு.

முழுப்பெயரை 'முயலில் ஆக்கிய, மனித பி53ஐப் பற்றும் பல்கொடிவழி எதிர்ப்பொருள்' என்று எழுதலாம். அது பற்றிய இடத்தைக் காட்ட அதன்மேல் ஊற்றும் இரண்டாம் குப்பி பெரும்பாலும் 'வெள்ளாட்டில் ஆக்கிய, முயல் எதிர்ப்பொருளைப் பற்றும் எதிர்ப்பொருள்'. எந்த விலங்கில் ஆக்கியது, எதைப் பற்றுவது என்பதை 'இல்', 'ஐ' என்னும் உருபுகளே பிரித்துக் காட்டிவிடும்.